பழைய காருக்கு இரண்டாவது சாவி: எங்கே செய்தால் செலவு குறையும்?

பழைய கார் வாங்கும்போது எஞ்சின் சத்தத்தைக் கவனிப்போம், டயரைத் தட்டிப் பார்ப்போம். சாவி ஒன்றுதான் இருக்கிறது என்பது பணம் கைமாறிய பிறகுதான் உறைக்கும். "இன்னொன்று வீட்டில் எங்கேயோ இருக்கிறது, தேடித் தருகிறேன்" என்பார் விற்றவர். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள், வரவே இல்லை. டூப்ளிகேட் போடலாம் என்று நான்கு இடங்களில் விசாரித்தால், ஒரு விலைக்கும் இன்னொரு விலைக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஒவ்வொருவரும் வேறு வேறு வேலைக்கு விலை சொல்கிறார்கள் என்பது பிறகுதான் புரிந்தது.

சாவி என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதில் மூன்று சமாச்சாரம் இருக்கிறது: பூட்டுக்குள் போகும் இரும்பு, கதவைத் திறக்கும் ரிமோட், உள்ளே ஒளிந்திருக்கும் சிப். இந்தச் சிப்பில்தான் காசு நிற்கிறது. அதற்குப் பேட்டரி கிடையாது. சாவி போடும் துவாரத்தைச் சுற்றியிருக்கும் காயிலிலிருந்தே சக்தியை வாங்கிக்கொண்டு தன் அடையாள எண்ணைச் சொல்லும். கார் அதை ஒத்துக்கொண்டால்தான் எஞ்சின் ஓடும். இதைத்தான் இம்மொபிலைசர் என்கிறோம். ரிமோட் பேட்டரி தீர்ந்துபோனாலும் வண்டி ஸ்டார்ட் ஆவது இதனால்தான். அச்சு அசலாக வெட்டிய வெறும் இரும்புச் சாவி கதவைத் திறந்துவிட்டு எஞ்சினிடம் தோற்பதும் இதனால்தான்.

உங்கள் காரில் சிப் உண்டா என்பதை முதலில் பாருங்கள். புதிய கார்களில் இம்மொபிலைசர் இருந்தாக வேண்டும் என்ற விதி ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998-இலும் கனடாவில் 2007-இலும் வந்தது. கட்டாயமில்லாத இடங்களில் சிப் இல்லாமலும் கார்கள் விற்றிருக்கின்றன. சாவி போட்டுத் திருப்பும்போது டாஷ்போர்டில் சாவி படமோ பூட்டு படமோ போட்ட விளக்கு எரிந்து அணைந்தால் பெரும்பாலும் சிப் உண்டு. இல்லாத கார் என்றால் யோசிக்கவே வேண்டாம். சாவிக் கடையில் சில நிமிட வேலை, முடிந்தது.

சரி, சிப் உள்ள காருக்கு வருவோம்.

கம்பெனி சர்வீஸ் சென்டர்தான் எல்லோரும் முதலில் போகும் இடம், பெரும்பாலும் விலை அதிகமான இடமும் அதுதான். காரின் சேஸிஸ் எண்ணை வைத்துச் சரியான சாவியை வரவழைப்பார்கள். உங்கள் பெயரில் உள்ள ஆவணமும் அடையாளச் சான்றும் கேட்பார்கள். நாள் பிடிக்கும். ஆனால் அவர்கள் பதிவேட்டில் உள்ள குறியீட்டு எண்ணை வைத்து வெட்டுவதால், சாவி புதுக் காரோடு வந்தது போலவே இருக்கும். இது சின்ன விஷயம் இல்லை. இருபது வருடம் தேய்ந்த சாவியை வைத்து நகல் எடுத்தால் அந்தத் தேய்மானமும் சேர்ந்தே நகலாகிறது. அந்த நகலுக்கு இன்னொரு நகல் எடுத்தால் பூட்டு முரண்டு பிடிக்க ஆரம்பிக்கும். புதிய மாடல், பட்டன் அழுத்தி ஸ்டார்ட் செய்யும் ஸ்மார்ட் சாவி என்றால் நான் இங்கேயே போகச் சொல்வேன். மற்றவர்களுக்கு அவசியமில்லை.

கார் சாவிக்கென்றே கருவிகள் வைத்திருக்கும் சாவிக்காரர் அடுத்த வழி. ஸ்டியரிங்குக்குக் கீழே, காரின் கம்ப்யூட்டரோடு பேசுவதற்காக உள்ள ஓபிடி துவாரத்தில் கருவியைச் செருகி, புதுச் சாவியைக் காருக்கு அறிமுகப்படுத்துவார். இதைத்தான் புரோகிராம் செய்வது என்கிறார்கள். பெரும்பாலும் சர்வீஸ் சென்டரை விடச் செலவு குறைவு, அன்றைக்கே முடிந்துவிடும், பலர் கார் நிற்கும் இடத்துக்கே வருவார்கள். பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இதுதான் சரியான வழி என்பது என் முடிவு. ஒரே நிபந்தனை: உங்கள் மாடலை அவர் ஏற்கெனவே செய்திருக்க வேண்டும். "பார்த்துக்கலாம்" என்று சொல்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். பாதி வேலையில் காரின் பேட்டரி சக்தி இறங்கினால் கண்ட்ரோல் யூனிட்டே, அதாவது காரின் கம்ப்யூட்டரே, குழம்பிவிடலாம். நல்ல ஆள் முதலில் காரின் பேட்டரிக்குச் சார்ஜரை மாட்டிவிட்டுத்தான் மற்றதைத் தொடுவார்.

அவரிடமே கேட்க வேண்டிய ஒன்று உண்டு: க்ளோனா, புரோகிராமா? க்ளோன் என்றால் உங்கள் சிப்பின் அடையாளத்தை அப்படியே இன்னொரு சிப்பில் எழுதுவது. காரைத் தொடவே வேண்டாம், அதனால் விலை இன்னும் இறங்கும். காருக்கு இரண்டு சாவியும் ஒன்றாகவே தெரியும். அங்கேதான் சிக்கல். நாளைக்கு ஒன்று தொலைந்தால் அதை மட்டும் தனியே நீக்க முடியாது. புரோகிராம் செய்த சாவிக்குத் தனி அடையாளம் இருப்பதால் நீக்கிவிடலாம். முன்பிருந்த இரண்டாவது சாவி யார் கையில் இருக்கிறது என்று தெரியாதவர்கள் புரோகிராம் வழியில்தான் போக வேண்டும். பழைய பதிவுகளை அழித்து, கையில் உள்ளவற்றை மட்டும் சேர்க்கச் சொல்லுங்கள். ஆனால் அழித்தாலும் அந்தப் பழைய சாவியால் எஞ்சின் மட்டும்தான் ஸ்டார்ட் ஆகாது. கதவுத் துவாரத்தில் அந்த இரும்பு இன்னும் திரும்பும், காருக்குள் விலை உயர்ந்த பொருளை வைக்காதீர்கள்.

ஆன்லைனில் வெட்டாத சாவியை வாங்கி, புரோகிராமுக்கு மட்டும் சாவிக்காரரிடம் போவதும் உண்டு. மிச்சம் நன்றாகவே இருக்கும், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்க முடியாது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு ரிமோட்டில் ஒன்று 315 மெகாஹெர்ட்ஸ், மற்றது 433 மெகாஹெர்ட்ஸ். மாறிப்போனால் எஞ்சின் ஸ்டார்ட் ஆனாலும் கதவு பட்டன் வேலை செய்யாது. உங்கள் சாவியைத் திறந்து, உள்ளேயும் பின்புறமும் உள்ள எண்களைப் படமெடுத்து ஒப்பிட்டுவிட்டு வாங்குங்கள். இன்னொருவர் பயன்படுத்திய ஸ்மார்ட் சாவி மலிவாகக் கிடைக்கிறதே என்று போகாதீர்கள். பல மாடல்களில் அது முதல் காரோடு பூட்டப்பட்டிருக்கும், திறக்கத் தனிக் கருவி வேண்டும்.

சாவியின் கூடு மட்டும் உடைந்திருந்தால் புதுச் சாவியே தேவையில்லை. வெறும் கூடு வாங்கி உள்ளிருப்பதை மாற்றினால் போதும். ஒரு தடவை நான் அப்படி மாற்றினேன். சர்க்யூட்டை எடுத்துப் புதுக் கூட்டில் வைத்து, திருகை முடுக்கி, காரில் போட்டால் சாவி விளக்கு படபடவென்று மின்னியது, எஞ்சின் ஓடவில்லை. பழைய கூட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஓரத்துக் குழியில் அரிசி மணியை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கறுப்புத் துண்டு, பசையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதுதான் சிப். கத்தி முனையால் மெதுவாகப் பெயர்த்து மாற்றிய பிறகே வண்டி கிளம்பியது. சில சாவிகளில் சிப் சர்க்யூட்டிலேயே இருக்கும், சிலவற்றில் இப்படித் தனியாக இருக்கும். பழைய கூட்டை உடனே குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

இத்தனை வழியும் கையில் ஓடும் சாவி ஒன்றாவது இருக்கும்வரைதான் மலிவு. அதுவும் தொலைந்தால் க்ளோன் எடுக்க மூலம் இல்லை. பல கார்களில் இம்மொபிலைசரின் ரகசிய எண்ணைத் தேட வேண்டும், சிலவற்றில் கண்ட்ரோல் யூனிட்டைக் கழற்றி அதன் நினைவகத்தைப் படிக்க வேண்டும். சர்வீஸ் சென்டர் என்றால் வண்டியை இழுத்துப் போகும் செலவு தனி. இன்னும் வாங்கவில்லை, பேரம் நடக்கிறது என்றால், இரண்டாவது சாவியின் செலவை அங்கேயே விலையில் கழிக்கச் சொல்லுங்கள். வாங்கிய பிறகு அந்தப் பேச்சுக்கு இடமிருக்காது.

சாவி கைக்கு வந்ததும் பணம் கொடுக்கும் முன் எல்லாக் கதவிலும் டிக்கியிலும் போட்டுப் பாருங்கள், எஞ்சினை நிறுத்தி நிறுத்தி மூன்று தடவை ஸ்டார்ட் செய்யுங்கள். காரில் எத்தனை சாவி பதிவாகியிருக்கிறது என்று பல மாடல்களில் புரோகிராம் செய்யும் கருவியே காட்டும். அந்தத் திரையைக் காட்டச் சொல்லி, எண்ணிக்கை உங்கள் கையில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.