ஆர்ட்டீமியா முட்டை: சீல் டின்னா, சில்லறைப் பாக்கெட்டா?

ஆர்ட்டீமியா என்பது உப்புத் தண்ணீரில் வாழும் பொடி இறால்; அதன் முட்டையைப் பொரித்து, வரும் குஞ்சுகளை மீன்குஞ்சுகளுக்குத் தீனியாகக் கொடுப்பார்கள். புதுச்சேரி, கடலூர் மீன்தொட்டிக் கடைகளில் இந்த முட்டை இரண்டு விதமாகக் கிடைக்கிறது. ஒன்று, இறால் ஹேச்சரிகள் வாங்கும் சீல் டின், 425 அல்லது 454 கிராம். மற்றது, அதே டின்னைப் பிரித்துப் பத்துப் பத்து கிராமாகக் கட்டித் தொங்கவிடும் ஜிப்லாக் பாக்கெட். சரக்கு ஒன்றுதான், பொரிப்பு ஒன்றல்ல. டின்மேல் 90 சதவீதம் என்று போட்டிருந்தால், அந்தக் கணக்கு மூடி திறக்கும் வரைக்கும்தான்.

காரணம் ஈரம். முட்டையில் நீர்ச்சத்து 10 சதவீதத்தைத் தாண்டினாலே உள்ளே கரு விழித்துக்கொண்டு, சேமித்த சக்தியைத் தின்னத் தொடங்கும். கடற்காற்றில் பலமுறை திறந்து மூடிய பாக்கெட் அப்படித்தான் வீணாகிறது. வாங்கும்போதே சாய்த்துப் பாருங்கள்: உலர்ந்த நைஸ் மணல் மாதிரி ஓட வேண்டும், கட்டி தட்டினால் வேண்டாம். லென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது. உலர்ந்த முட்டை ஒரு பக்கம் குழிந்திருக்கும். உருண்டையாக இருந்தால் ஏற்கெனவே தண்ணீர் குடித்தது.

பொரிக்க 2 லிட்டர் பெட் பாட்டிலின் அடியை வெட்டிக் கவிழ்த்தால் போதும். லிட்டருக்கு 25 கிராம் கல் உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா (பிஎச் 8க்குக் கீழே போகக் கூடாது), முட்டை 1 கிராம். காற்றுக் குழாய் கூம்பின் அடிமுனை வரை இறங்க வேண்டும். குழாய் முனையில் ஏர் ஸ்டோன் (காற்றைப் பொடிக் குமிழியாக்கும் கல்) வேண்டாம், பொடிக் குமிழியில் முட்டை நுரையோடு ஏறிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் ஒரு விளக்கு. 28 டிகிரியில் 18 முதல் 24 மணி நேரம். மார்கழியில் இன்னும் தாமதமாகும். கத்திரி வெயிலில் தண்ணீர் 33ஐத் தாண்டினால் பொரிப்பே படுத்துவிடும்.

உப்பை அள்ளிப் போடுவதுதான் பலரும் செய்யும் தப்பு. முட்டையின் ஓடு உடைய, தண்ணீரை இழுக்கும் கிளிசரால் என்ற பொருளைக் கரு உள்ளே சேர்க்க வேண்டும். வெளியே உப்பு கூடக் கூட அதற்கான சக்திச் செலவும் கூடும். பாதி வெளியே வந்து தொங்கி நிற்கும் குஞ்சுகள் நிறைய தெரிந்தால், சக்தி தீர்ந்துபோன பழைய முட்டை, அல்லது காற்று போதவில்லை.

காற்றை நிறுத்திப் பத்து நிமிடத்துக்குள் எடுத்துவிடுங்கள். ஓடு மேலே மிதக்கும், பொரியாதது அடியில். அடித் தண்ணீரைச் சிறிது வடித்துக் கொட்டிவிட்டு, ஆரஞ்சு நிறத்தில் திரண்டதை 120 மைக்ரான் வலையில் பிடித்து நல்ல தண்ணீரில் அலச வேண்டும். பொரித்த சில மணி நேரத்திலேயே கொடுப்பது நல்லது; முதல் கட்டத்தில் குஞ்சு எதுவும் தின்னாது, நேரம் போகப் போகச் சத்து குறையும்.

டின்களில் பெரும்பாலும் அமெரிக்காவின் கிரேட் சால்ட் லேக் சரக்கு. அங்கே முட்டை மிதக்கும், காற்று ஒதுக்கித் தரும், படகில் வாரிக்கொள்ளலாம். “மோனோ ஏரி முட்டை, ஸ்பெஷல்” என்று யாராவது கூடுதல் விலை சொன்னால் நம்ப வேண்டாம். கலிபோர்னியாவின் அந்த ஒரே ஏரியில் வாழும் ஆர்ட்டீமியா மோனிக்காவின் முட்டை மூழ்கிச் சேற்றில் கிடக்கும். சுமார் மூன்று மாதக் குளிர் பட்டால்தான் வசந்தத்தில் பொரிக்கும். நம் பாட்டிலில் அது நடக்காது. பிஎச் 10 வரை போகும் காரத் தண்ணீர் அதன் வீடு. 1941 முதல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் ஓடைகளைத் திருப்பியதில் ஏரி வற்றி, உப்பு ஏறக்குறைய இரட்டிப்பானது. 1994இல் ஏரி மட்டத்தை உயர்த்த உத்தரவு வந்தது. பாவம், அந்த இறாலுக்கு ஓடிப்போக வேறு ஏரியும் இல்லை.

எங்கள் ஓட்டு டின்னுக்கு. தனி ஆளுக்கு அதிகம் என்றால் நாலு பேர் சேர்ந்து வாங்கி, சின்னக் கண்ணாடிப் பாட்டில்களில் சிலிக்கா ஜெல்லோடு நிரப்பி ஃபிரிட்ஜில் வையுங்கள். வெளியே எடுத்தவுடன் திறக்காதீர்கள். பாட்டில் அறைச் சூட்டுக்கு வரட்டும், இல்லையென்றால் உள்ளே வியர்த்து முட்டை நனையும்.