15 நிமிட மணற்கடிகாரம்: தனி ஜெபத்துக்காக வாங்கியது, நாலு மாதம் ஆகிறது

ஜெபத்துக்கு எதற்குக் கடிகாரம் என்று கேட்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எனக்குத் தேவைப்பட்டது, அவ்வளவுதான். கண்ணை மூடி உட்கார்ந்த இரண்டாவது நிமிடமே "எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்" என்று யோசிக்கிற ஆள் நான். அந்த யோசனை வந்துவிட்டால் அப்புறம் ஜெபம் எங்கே, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரிதான்.

இதற்கு முன் போனில் ஒரு ஜெப ஆப் வைத்திருந்தேன், பெயர் வேண்டாம். காலையில் ஒரு வசனம், பின்னால் மெல்லிய இசை, முடிவில் ஒரு மணி ஓசை என்று எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தொடர்ந்து எத்தனை நாள் ஜெபித்தோம் என்று எண்ணிக் காட்டும். 41 நாள் ஆனபின் ஒரு நாள் விட்டுப்போனது, மறுநாள் திறந்தால் மறுபடி 1. அந்த 1-ஐப் பார்த்து எனக்கு வந்த எரிச்சல் இருக்கிறதே, அன்றைக்கு ஆண்டவரிடம் பேசியதை விட அந்த ஆப்பைத் திட்டியதுதான் அதிகம். போதாததற்கு, நேரம் பார்க்கலாம் என்று போனைத் தொட்டால் நாலு மெசேஜ் காத்திருக்கும், அதில் ஒன்று நிச்சயமாக ஆபீஸ் குரூப்பில் இருந்து வந்ததாக இருக்கும். கதவைப் பூட்டிக்கொண்டு ஜெபம்பண்ணு என்று மத்தேயு 6-இல் படித்துவிட்டு, ஊர் முழுக்க நுழையக்கூடிய கதவு ஒன்றைக் கையிலேயே வைத்திருந்தால் எப்படி?

சரி, பொருளுக்கு வருகிறேன். மேலும் கீழும் வட்டமான மரத்தட்டு, நடுவே மூன்று மரத்தூண், உள்ளே கண்ணாடி, நீல மணல், ஒரு கையில் அடங்கும். 15 நிமிடம் என்று போட்டிருக்கிறதே தவிர 15 இல்லை. ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தேன்: ஒரு பக்கம் 14 நிமிடம் 20 விநாடி, திருப்பி வைத்தால் 13 நிமிடம் 40 விநாடி. எல்லாப் பரிசோதனைக்கும் முதல் நாள் ஜெப நேரம்தான் செலவானது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். காற்றில் ஈரம் அதிகமான நாட்களில் மணல் கழுத்தில் சிக்கி நின்றுவிடுகிறது, விரலால் ஒரு தட்டுத் தட்டினால்தான் இறங்கும். துல்லியம் வேண்டும் என்பவர்களுக்கு இது சரிப்படாது.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு வியப்பு. தொட்டியில் தண்ணீர் குறையக் குறைய குழாயில் வேகமும் குறையும் இல்லையா, மணல் அப்படி இல்லை. மேலே எவ்வளவு குவிந்திருந்தாலும் அந்தப் பாரத்தில் பெரும்பகுதியைப் பக்கச்சுவர் தாங்கிக்கொள்கிறது, அதனால் நிறைய இருக்கும்போதும் கொஞ்சமே மிச்சம் இருக்கும்போதும் கழுத்து வழியாக ஒரே வேகத்தில்தான் விழுகிறது. முதல் இரண்டு மூன்று நிமிடம் நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். மேலே நடுவில் சின்னக் குழி விழுகிறது, ஓரத்து மணல் அதற்குள் வழுக்குகிறது. கீழே ஒரு குவியல் கூராக எழும்பி, தாங்காமல் ஒரு பக்கம் சரிந்து, மறுபடி எழும்புகிறது. கண்ணுக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டால் மனசு மெல்ல அடங்குகிறது. அப்புறம் சங்கீதத்தில் நாலைந்து வசனம், அதிலும் பெரும்பாலும் ஒரே சொல்லோடு நின்றுவிடுவேன். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் கிகோ என்ற கார்த்தூசியத் துறவி வாசிப்பு, தியானம், ஜெபம், அமைதியாகத் தேவனை நோக்கியிருப்பது என்று இதற்கு நாலு படி சொல்லியிருக்கிறார். இந்த மணல் இறங்கி முடிப்பதற்குள் நான் இரண்டாம் படியைத் தாண்டினால் அது நல்ல நாள்.

இது ஒன்றும் புதுப் பழக்கம் இல்லை. 14ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் சியன்னா நகர மண்டபத்தில் லொரென்செட்டி தீட்டிய சுவரோவியத்தில், இச்சையடக்கத்தைக் குறிக்கிற பெண் கையில் மணற்கடிகாரம்தான் இருக்கிறது. கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் ஆவியின் கனி வரிசையில் கடைசியாக வருகிறதே, அதே இச்சையடக்கம். சீர்திருத்தக் காலத்துக்குப் பின் ஐரோப்பாவில் பல தேவாலயங்களில் பிரசங்க மேடையிலேயே மணற்கடிகாரம் பொருத்தினார்கள், பிரசங்கியார் அளவோடு பேச. இப்போதும் அது தேவைதான், அதை இன்னொரு நாள் பேசலாம்.

வாங்கின புதிதில் பெரிய குறையாகத் தெரிந்தது, முடிந்ததும் இது சத்தமே போடாது என்பது. கண்ணைத் திறந்தால்தான் தெரியும், மணல் எப்போது தீர்ந்ததோ என்னவோ. இப்போது இதை வைத்திருப்பதே அதற்காகத்தான். இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார் தியானத்துக்கு வருபவர்களுக்குச் சொன்ன ஒரு யோசனை உண்டு: ஒரு மணி நேரம் என்று உட்கார்ந்தவன், மனசு வறண்டு எழுந்து ஓடத் தோன்றுகிற நாளில் அந்த ஒரு மணிக்கு மேலும் கொஞ்சம் இருக்க வேண்டும், குறைக்கக் கூடாது. மணி அடித்தால் நான் எழுந்துவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும். மணி இல்லாததால் பல நாள் மணல் தீர்ந்தது தெரியாமலே கூடுதலாக இருந்திருக்கிறேன். சில நாள் தூங்கியும் இருக்கிறேன். ஒரு மணி நேரம் விழித்திருக்கக் கூடாதா என்று கேட்கப்பட்ட பேதுருவின் மேல் முன்பு இருந்த இளக்காரம் இப்போது எனக்கு இல்லை.

யாருக்கு ஒத்துவராது என்றால், நேரத்துக்கு ரயில் பிடிக்க வேண்டியவர்களுக்கு, அப்புறம் வீட்டில் தவழும் குழந்தை இருப்பவர்களுக்கு, கண்ணாடி மெல்லியது. அமெரிக்க டிராப்பிஸ்ட் துறவிகள் 1970களில் பரப்பிய அமைதி ஜெப முறையைப் பழகுகிறவர்களுக்கும் இது பத்தாது, அதில் காலையும் மாலையும் 20 நிமிடம் உட்காரச் சொல்கிறார்கள்.

நான் காலையில் ஒரு தடவை, ராத்திரி படுக்குமுன் ஒரு தடவை திருப்புகிறேன். ராத்திரியில் வேத வாசிப்பு கிடையாது, இஞ்ஞாசியார் சொன்னபடி அன்றைய நாளை மணி மணியாகத் திரும்பிப் பார்த்து, நன்றி சொல்ல வேண்டியதற்கு நன்றி, மன்னிப்பு கேட்க வேண்டியதற்கு மன்னிப்பு, அவ்வளவுதான். மெதுவாக ஓடும் பக்கம் காலைக்கு வேண்டும் என்று அந்தப் பக்கத் தட்டில் ஒரு வெள்ளை நூல் கட்டியிருக்கிறேன். காலையில் எழுந்து பார்க்கும்போது நூல் கீழே, மணலோடு இருக்க வேண்டும். மேலே இருந்தால் நேற்று ராத்திரி அப்படியே படுத்துவிட்டேன் என்று அர்த்தம். இன்று காலை மேலே இருந்தது.