சோலார் இன்வெர்ட்டருக்கு வைஃபையா, கேபிளா?

இன்வெர்ட்டர், ஸ்மார்ட் மீட்டர், பேட்டரி, கார் சார்ஜர் நான்கும் சேர்ந்து அனுப்பும் டேட்டா மிகச் சொற்பம். இணைய வேகம் இங்கே பொருட்டே இல்லை. இணைப்பு விட்டுப்போகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குக் கேபிள்தான் சரி.

வைஃபையின் வசதி தெரிந்ததே: சுவரைத் துளைக்க வேண்டாம். ஆனால் இந்தச் சாதனங்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இயங்கும். ரவுட்டரின் வைஃபை பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்தால் பல சாதனங்கள் சேராது, டபிள்யூபிஏ2-வும் இருக்கட்டும். சிக்னல் வலிமை -67 டிபிஎம் இருந்தால் நிம்மதி (பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலு அதிகம்). -75-ஐத் தாண்டி -80 பக்கம் போனால் அடிக்கடி அறுந்துபோகும். மீட்டர் இரும்புப் பெட்டிக்குள் இருந்தால், கதவை மூடிய பிறகு சாதனத்தின் ஆப் காட்டும் அளவைத்தான் நம்ப வேண்டும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தொல்லை ரவுட்டர் மாற்றம். இன்வெர்ட்டர் பத்து ஆண்டுக்கு மேல் சுவரில் இருக்கும். அதற்குள் ரவுட்டர் இரண்டு மூன்று முறையாவது மாறிவிடும். வைஃபை என்றால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு சாதனத்தையும் செட்டப் நிலைக்குக் கொண்டுபோய்ப் புதுப் பாஸ்வேர்டு தர வேண்டும். சிலவற்றுக்கு அவற்றைப் பொருத்தியவரின் லாகின் இல்லாமல் முடியாது. பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்து மாறாமல் புது ரவுட்டரிலும் வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். கேபிளில் இந்த வேலையே இல்லை: பழைய ரவுட்டரிலிருந்து பிடுங்கிப் புதியதில் சொருகினால் போதும்.

ஒரு கண்ணி மட்டும் இரண்டிலும் உண்டு. சார்ஜர் மோட்பஸ் டிசிபி (சாதனங்கள் வீட்டு நெட்வொர்க்கில் பேசிக்கொள்ளும் ஒரு முறை) வழியாக மீட்டரைப் படிக்கிறது என்றால், மீட்டரின் ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அதன் அடையாள எண், மாறவே கூடாது. 192.168.1.50 என்று இருந்தது புது ரவுட்டரில் 192.168.0.23 ஆகிவிட்டால், சார்ஜர் மீட்டரைத் தேடித் தோற்று, பாதுகாப்புக்காக 6 ஆம்பியர் போன்ற குறைந்த மின்னோட்டத்துக்கு இறங்கிவிடலாம். காலையில் கார் பாதிகூட ஏறியிருக்காது. பழி சார்ஜர் மேல் விழும். ரவுட்டரில் முகவரிகளை வழங்கும் டிஎச்சிபி பட்டியலில் மீட்டருக்கு முகவரியை ஒதுக்கி, அதைக் குறித்தும் வையுங்கள்.

வீட்டு மின் கம்பி வழியாகவே டேட்டாவை அனுப்பும் பவர்லைன் அடாப்டரை உறுதியாகச் சிபாரிசு செய்ய முடியாது. இன்வெர்ட்டரும் சார்ஜரும் கிளப்பும் மின் இரைச்சல் அதே கம்பியில்தான் ஓடுகிறது. சில வீடுகளில் ஓடும், சிலவற்றில் ஓடாது.

கேட் 6 நெட்வொர்க் கேபிள் 100 மீட்டருக்குள் இருக்கட்டும். வெயிலில் போகும் பகுதிக்கு யுவி தாங்கும் உறை வேண்டும். மின் கம்பி போகும் குழாயிலேயே இதையும் நுழைக்காதீர்கள். தனிக் கட்டடத்துக்கு இழுப்பதானால் செம்பு வேண்டாம், ஃபைபர் போடுங்கள். மின்னல் தாக்கினால் செம்புக் கேபிள் வழியாக இரு முனைச் சாதனங்களும் பழுதாகிவிடலாம். இழுக்கும்போதே இரண்டு கேபிளாக இழுத்துவிட்டால், பின்னால் பேட்டரி வாங்கும்போது சுவரைத் தொட வேண்டியிருக்காது.