ரிவென்டெல் 2-இல் இருந்து 3, அப்புறம் 4: தரவுத்தளம் மாற்றிய அனுபவம்

திருகோணமலையில் நாங்கள் நடத்தும் சின்ன இணைய வானொலி பல வருடமாக ரிவென்டெலில்தான் ஓடுகிறது. லினக்ஸில் இயங்கும் திறந்த மூல மென்பொருள், காசு கிடையாது. காலைத் தேவாரம், பாங்கு, மரண அறிவித்தல், இரவுப் பாடல்கள் என்று எது எத்தனை மணிக்குப் போக வேண்டுமோ, கலையகத்தில் ஆள் இல்லாவிட்டாலும் அது பார்த்துக்கொள்ளும். முதலில் இரண்டாம் பதிப்பில் இருந்து மூன்றுக்குப் போனோம். அது ஓடிய லினக்ஸ் வகையான சென்ட்ஓஎஸ் 7-க்கான ஆதரவு 2024 ஜூன் 30-உடன் முடிந்ததால், உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸுக்கும் நான்காம் பதிப்புக்கும் மாறினோம். இரண்டு மாற்றத்தையும் செய்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், மென்பொருளை ஏற்றுவது பெரிய வேலையே இல்லை, உங்கள் பாட்டுத் தலைப்புகள் உள்ளே எந்தக் கோலத்தில் கிடக்கின்றன என்பதுதான் முழுத் தலையிடியும்.

பயப்படுகிறவர்களுக்கு ஒரு விஷயம்: ஒலிக் கோப்புகளை இந்த மாற்றம் தொடவே தொடாது. அவை தனி அடைவில், ஆறு இலக்கக் கார்ட் எண் (ஒரு பாட்டு அல்லது அறிவித்தலுக்கான எண்), ஒரு அடிக்கோடு, மூன்று இலக்கக் கட் எண் (அதற்குள் இருக்கும் ஒலிப்பதிவின் எண்) என்ற பெயரில் பேசாமல் இருக்கும். தலைப்பு, பாடியவர், பாட்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அடுத்தது எந்த இடத்தில் சேர வேண்டும் என்பவைதான் மரியாடிபி தரவுத்தளத்தில். பாட்டு இருக்கும் வன்தட்டைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டே வேலையைத் தொடங்கலாம்.

தரவுத்தளம் தன் அமைப்பு எந்தப் பதிப்பு என்று ஒரு எண்ணை வைத்திருக்கிறது, அது மென்பொருள் எதிர்பார்க்கும் எண்ணோடு பொருந்தாவிட்டால் நிரல்கள் வேலை செய்யாது. மூன்றாம் பதிப்பில் இதற்கென்றே ஒரு கட்டளை வந்தது, அதைக் கொடுத்தால் படிப்படியாக ஏற்றிவிடும். நேரம் தின்றது ஒரே இடத்தில்தான். இரண்டாம் பதிப்பு ஒவ்வொரு லொக்குக்கும், அதாவது எது எப்போது போக வேண்டும் என்ற பட்டியலுக்கும், தனித்தனி அட்டவணை போட்டு வைக்கும், மூன்று அவை எல்லாவற்றையும் ஒரே அட்டவணைக்குள் கொட்டுகிறது. ஒரு நாளுக்கு ஒரு லொக் என்றால் பல வருடத்துக்கு எத்தனை சேர்ந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். தேவையில்லாத பழைய லொக்குகளை முன்கூட்டியே அழித்துவிடுங்கள். யூபிஎஸ் இல்லாமல் தொடங்கவும் வேண்டாம், தரவுத்தளத்தில் இருக்கும் மைஐசாம் என்ற பழைய வகை அட்டவணைகள் நடுவழியில் கரண்ட் போனால் தாங்காது.

சரி, தலைப்புகள். எங்களிடம் இரண்டு வகைக் குப்பை இருந்தது.

ஒன்று, ஒழுங்காக யூனிகோடில் அடித்தவை. ஆனால் பழைய தரவுத்தளம் தன்னை லத்தீன்-1 (மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய குறிமுறை) என்று சொல்லிக்கொண்டு உள்ளே யூடிஎஃப்-8 (யூனிகோடைச் சேமிக்கும் குறிமுறை) பைட்டுகளை வைத்திருந்தது. அதை அப்படியே எடுத்து புதியதில் ஏற்றினால் இரண்டாம் தடவை மாற்றம் நடந்து, ஒவ்வொரு தமிழ் எழுத்தும் தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ', பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்', பிறகு இன்னொரு குறி என்று மூன்றாக உடைந்து நிற்கும். திரையில் அப்படி ஒரு ஊர்வலத்தைக் கண்டால் நோய் இதுதான். பழையதை லத்தீன்-1 என்றே சொல்லி டம்ப் (தரவுத்தளத்தின் முழுப் பிரதியாக ஒரு கோப்பு) எடுத்து, அந்தக் கோப்பில் எழுத்துத் தொகுதிப் பெயரை யூடிஎஃப்-8 என்று திருத்தி ஏற்றினால் தமிழ் தமிழாகவே வரும். இதையெல்லாம் ஒலிபரப்புக் கணினியில் செய்யாமல், மூலையில் கிடந்த பழைய கணினியில் ஒத்திகை பார்த்தோம், அதனால் ஒலிபரப்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

மற்றது பாமினி, யூனிகோடுக்கு முந்திய தமிழ் எழுத்துரு. இலங்கையில் தமிழ் தட்டச்சு செய்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. எழுத்துருவை மாற்றினால் தமிழ், மாற்றாவிட்டால் வெறும் ஆங்கில எழுத்துக் கூட்டம். எங்கள் அறிவிப்பாளர்கள் தலைப்பைப் பார்ப்பதையே விட்டுவிட்டு கார்ட் எண்களைப் பாடமாக்கி வைத்திருந்தார்கள், உண்மையில் அது ஒரு திறமைதான். எழுத்துரு மாற்றும் நிரலில் (மாற்றியில்) போட்டால் யூனிகோடாகிவிடும், ஆனால் எது பாமினி, எது உண்மையான ஆங்கிலத் தலைப்பு என்று மாற்றிக்குத் தெரியாது. அங்கே கைகொடுத்தது செமிகோலன். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி செமிகோலன் விசையில் இருக்கிறது, தமிழ்த் தலைப்பில் புள்ளி இல்லாமல் வருவது அபூர்வம், ஆங்கிலப் பாட்டுத் தலைப்பில் செமிகோலன் வருவது அதைவிட அபூர்வம். செமிகோலன் உள்ளவற்றை மட்டும் பிரித்து மாற்றினோம். 'நிலாவே' மாதிரிப் புள்ளியே இல்லாதவை தப்பிவிட்டன, அவற்றைக் கையால் திருத்தினோம்.

அதற்குப் பிறகு நான்காம் பதிப்புக்குப் போனது ஒரு கதையே இல்லை. டம்ப், ஏற்றம், கட்டளை, முடிந்தது.

ஒரு வருடத்துக்கு மேல் ஓடிய பிறகு என்ன வித்தியாசம் என்றால், தேடல். மரண அறிவித்தல் வந்தால் முந்தி எண்ணைத் தேடிக் கொப்பி புரட்டுவார்கள், இப்போது பெயரின் முதல் நாலு எழுத்தை அடித்தால் வந்து நிற்கிறது. மாலை நிகழ்ச்சி செய்யும் அக்கா மட்டும் இன்னும் எண்ணைத்தான் அடிக்கிறா, "தம்பி, எனக்கு இதுதான் கெதி" என்றா. விட்டுவிட்டேன்.

குறைகளும் உண்டு. 'கொ', 'கோ' போன்றவற்றை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம், கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியாக வைத்தாலும் சேர்த்து ஒரே குறியாக வைத்தாலும் கண்ணுக்கு ஒன்றுதான், தேடலுக்கு வேறு. எங்கள் மாற்றி தனித்தனியாகப் போட்டிருந்ததால் கோணேஸ்வரம் பற்றிய நிகழ்ச்சி ஒன்றும் அகப்படவில்லை, பிறகு மொத்தமாக ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தோம். அகரவரிசை இன்னமும் சரியில்லை. புள்ளி எழுத்து முதலில் வர வேண்டும், இங்கே 'அமுதே' முந்திக்கொண்டு 'அம்மா' பின்னால் நிற்கிறது. அது தரவுத்தளத்தின் வரிசைப்படுத்தும் முறையால் வருவது, ரிவென்டெலைக் குறை சொல்ல முடியாது. அதில் கை வைக்க எனக்குத் துணிவில்லை, தேடல் வேலை செய்கிறவரைக்கும் அப்படியே இருக்கட்டும்.