கம்ப்ரசர்ல மாட்டின ஜெல் பிரஷர் சென்சார்: ரெண்டரை வருஷம் ஓட்டினதுக்கு அப்புறம்

கூடலூர்ல இருக்கிற மச்சான் நேத்து போன் பண்ணி, "உங்க ஃபேக்டரில மாட்டியிருக்கியே அந்த ஜெல் சென்சார், எங்களுக்கும் ஒண்ணு வாங்கலாமாடா"ன்னு கேட்டான். அவன் கேட்ட நேரம் நான் அதைத்தான் கழட்டி கைல வச்சுட்டு கடுப்புல நின்னுட்டு இருந்தேன். போன்ல சரியா பதில் சொல்லல, அதான் இங்க எழுதுறேன்.

எங்களுது நீலகிரில மஞ்சூர் பக்கம் சின்ன டீ ஃபேக்டரி. தூளை நிறம் பார்த்து பிரிக்கிற கலர் சார்ட்டர் மிஷினுக்கு காத்து குடுக்கிற பிஸ்டன் கம்ப்ரசர் வெளிய தகர ஷெட்ல நிக்குது. காத்து கொஞ்சம் இறங்கினா போதும், சார்ட்டர் காம்பையும் நாரையும் ஊதித் தள்ளாம விட்டுடும், தூளோட கலந்து போய் குன்னூர் ஏலத்துல விலை அடி வாங்கும். காத்தழுத்தம் பார்க்க முதல்ல சாதா முள் கேஜ் தான் இருந்துச்சு, அந்த அதிர்வுல முள் எங்க நிக்குதுன்னே தெரியாது, உள்ள இருக்கிற குட்டிச் சக்கரத்தோட பல்லு தேஞ்சு சில மாசத்துல தூக்கிப் போடணும். அப்புறம் கிளிசரின் ஊத்தின கேஜ் மாட்டினோம். முள் ஆடாது, நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா உறைபனி விழுற மாசத்துல விடியக்காலைல ஸ்டார்ட் பண்ணா முள் நகரவே யோசிக்கும். 20 டிகிரில இருக்கிறதை விட 0 டிகிரில கிளிசரின் எட்டு மடங்கு கெட்டி, அப்புறம் எப்படி ஓடும்.

அதுக்கப்புறம் வந்ததுதான் இந்த ஜெல் சென்சார். உள்ள மெல்லிசா ஒரு சிலிக்கான் சிப், அழுத்தம் பட்டா வளையும், வளைஞ்சா அதோட ரெசிஸ்டன்ஸ், அதான் மின்தடை, மாறும் (சிலிக்கானுக்கு இந்த குணம் இருக்குன்னு 1954லயே அமெரிக்காவோட பெல் லேப்ஸ் ஆய்வுக்கூடத்துல கண்டுபிடிச்சது). அந்த சிப்புக்கு மேல மெத்துன்னு சிலிகான் ஜெல் (சிப்போட சிலிக்கான் வேற, இது ரப்பர் மாதிரி ஒரு பொருள்). காத்தோட அழுத்தத்தை அப்படியே கீழ கடத்தும், தண்ணியை சிப் மேல பட விடாது, முடி மாதிரி இருக்கிற தங்கக் கம்பிகளை அதிர்வுல அறுந்து போகாம பிடிச்சுக்கும். நம்ம ஊர் குளிருக்கெல்லாம் இந்த ஜெல் கெட்டியாகாது. முதல் டிசம்பர்ல காலைல ஆறு மணிக்கு சுவிட்ச் போட்டு டிஸ்ப்ளேல நம்பர் டக்டக்குன்னு ஏறினதைப் பார்த்தப்ப எனக்கு அவ்ளோ சந்தோஷம். தேய்றதுக்கு பல்லும் இல்ல, முள்ளும் இல்ல.

இப்ப கோவத்துக்கு வர்றேன். ஒரு வருஷம் தாண்டினதும் ஜீரோ நகர ஆரம்பிச்சுது. மோட்டார் ஆஃப், டேங்க்ல காத்தே இல்ல, டிஸ்ப்ளே மட்டும் 0.1 பார்னு (பார்ங்கிறது அழுத்தத்தோட அளவு) சொல்லும். செட் பண்ணுவேன், ரெண்டு வாரத்துல 0.2. திரும்ப செட் பண்ணுவேன், திரும்ப நகரும், இப்படியே ஒன்றரை வருஷம் நானும் அதுவும் மல்லுக்கட்டி போன வாரம் 0.4 வந்ததும் கழட்டிட்டேன். உள்ள பார்த்தா ஜெல் உப்பிப் போய் கலங்கலா இருக்கு. கம்ப்ரசர் எண்ணெய் காத்தோட புகையா வந்து ஏறியிருக்கு. சிலிகான் ஜெல் எண்ணெயை உறிஞ்சி உப்பும், உப்பினா சிப்பை அமுக்கும், அதுதான் அந்த பொய்க் கணக்கு. வித்த கடைல கேட்டா "இது உலர்ந்த காத்துக்கு மட்டும்தாங்க"ன்னு இப்ப சொல்றாங்க. கம்ப்ரசருக்குன்னு சொல்லித்தானேய்யா குடுத்தீங்க! சரி, எங்க பக்கமும் தப்பு இருக்கு, எண்ணெய் பிரிக்கிற ஃபில்டரை நேரத்துக்கு மாத்தல. ஆனா வாங்கும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மாத்தியிருப்பேனே.

ஜெல் மேல எனக்கு கோவமே இல்ல. 2022ல சிலந்தி கால்ல இருக்கிற மெத்தையைப் பார்த்து ஜெலட்டினும், இறால் நண்டு ஓட்டுல இருந்து எடுக்கிற கைட்டோசானும் சேர்த்து ஒரு ஜெல் பண்ணாங்க தென் கொரியாக்காரங்க, 30 ஹெர்ட்ஸுக்கு (செகண்டுக்கு 30 ஆட்டம்) கீழ வர்ற அதிர்வை அதுவே முழுங்கிடுமாம். நம்ம கம்ப்ரசர் நிமிஷத்துக்கு 900 சுத்து, அதாவது 15 ஹெர்ட்ஸ். படிச்சதுல இருந்து, அதை இங்க வைக்க முடியுமான்னு அதே நினைப்புதான்.

மச்சான், உனக்கு பதில்: வாங்காத. உங்க கம்ப்ரசரும் எண்ணெய் ஊத்துறதுதான். மீறி வாங்கினா ஃப்ளோரோசிலிகான் ஜெல்லான்னு கேட்டு வாங்கு, அது எண்ணெய்க்கு தாங்கும். ஆப்சல்யூட் டைப்னா (சுத்தி இருக்கிற காத்தழுத்தத்தையும் சேர்த்து அளக்குறது) கோயம்புத்தூர்ல ஜீரோ செட் பண்ணிக் குடுத்ததை நம்பாத, மலை மேல காத்தழுத்தமே கம்மி, உங்க கூடலூர்ல 0.07 பார் பக்கம் குறைச்சுக் காட்டும், மாட்டின இடத்துலயே செட் பண்ணு.

இப்போதைக்கு பழைய கிளிசரின் கேஜை மாட்டியிருக்கேன். இன்னைக்கு காலைல முள் ஏறி நிக்கிற வரைக்கும் பனில நின்னு பார்த்தேன், பொறுக்க முடியல. ஃப்ளோரோசிலிகான் போட்டது ஒண்ணு சொல்லிட்டேன், திங்கக்கிழமை வருது.