உவர்நீருக்கு டியூட்டீரியம் சோதனை: நான் கொடுக்கும் ஆய்வகம் எப்படி?

வேதாரண்யம் பக்கம் போர்த் தண்ணீர் கரித்தால் "கடல் உள்ள வந்துருச்சு" என்பதுதான் முதல் பேச்சு. உண்மையில் வந்ததா என்று பார்க்கத்தான் எங்கள் ஊர் விவசாயிகளுக்காக ஐசோடோப்பு ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்புகிறேன். மண்ணில் கிடந்த பழைய உப்பு கரைந்திருந்தால் தண்ணீரின் டியூட்டீரிய (கனமான வகை ஹைட்ரஜன்) விகிதம் மாறாது. கடல்நீர் கலந்திருந்தால் மாறும். வெயிலில் வற்றி உப்பேறியிருந்தால் அந்த மாற்றம் வேறு மாதிரி.

மாதிரியைத் தொடும் முன்பே இந்த ஆய்வகத்தினர் மின்கடத்துதிறன் (தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் அளவு) எவ்வளவு என்று கேட்டார்கள். அதிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. முன்பு கொடுத்த இடத்தில் கேட்கவும் இல்லை, எந்த முறையில் அளந்தார்கள் என்று அறிக்கையில் போடவும் இல்லை.

இது ஏன் முக்கியம்? உப்பின் அயனிகள் தண்ணீர் மூலக்கூறுகளைத் தம்மைச் சுற்றிப் பிடித்துவைக்கின்றன. அந்தப் பிடியில் டியூட்டீரியம் கொஞ்சம் குறைவாகச் சிக்குவதால், பிடிபடாத தண்ணீரில் அதன் பங்கு கூடுகிறது. பிளாட்டினம் வினையூக்கி வைத்து ஹைட்ரஜன் வாயுவைச் சமநிலைப்படுத்தி அளந்தால் இந்தக் கூடுதலும் சேர்ந்தே வரும். தண்ணீர் முழுவதையும் துத்தநாகத்தால் ஹைட்ரஜனாக்கி அளந்தால் வராது.

ஒரு கிலோ தண்ணீரில் 58 கிராம் சாதா உப்பு கரைந்திருந்தால் இந்த இரு முறைகளுக்கும் இடையே வித்தியாசம் ஆயிரத்துக்கு 2, அல்லது சற்று மேல். கடல்நீரிலேயே 1 அளவுதான், அது கருவியின் பிழையோடு போய்விடும். போர்த் தண்ணீரில் இன்னும் சொற்பம். ஆனால் அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் உப்புப் பூக்கும் பாத்தியில் 10ஐத் தாண்டும். உப்பு வாரியபின் மிஞ்சும் தண்ணீரில் மெக்னீசியம் குளோரைடு திரண்டிருக்கும். மோலுக்கு மோல் அதன் தாக்கம் சாதா உப்பைப்போல் இரு மடங்கு.

பாத்தித் தண்ணீரை இவர்கள் தனியாக ஓட்டினார்கள். லேசர் கருவியின் ஆவியாக்கியில் உப்புப் படிந்தால் அடுத்து வரும் மாதிரியும் கெடுமல்லவா! அறிக்கையில் அளந்த மதிப்பு, உப்புக்குத் திருத்திய மதிப்பு, முறை என்று மூன்றையும் தனித்தனிப் பத்தியில் போட்டிருந்தார்கள். இவ்வளவு தெளிவான அறிக்கையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

குறை உண்டு. சொன்ன தேதிக்கு முடிவு வரவில்லை. வந்தபோது குறுவை விதைப்பே தொடங்கிவிட்டது. அவர்கள் தரும் புட்டிகளின் மூடியும் தளர்வு. காற்றுக்குமிழி இல்லாமல் வாய்வரை நிரப்பி, நானே மேலே டேப் சுற்றி அனுப்புகிறேன், இல்லாவிட்டால் வழியிலேயே ஆவியாகி எண் மாறிவிடும்.

குடிக்கலாமா என்று மட்டும் தெரிய வேண்டியவர்களுக்கு இந்தச் செலவு வேண்டாம், சாதாரண உப்புச் சோதனை போதும். உப்பளத்துக்கோ இறால் குட்டைக்கோ பக்கத்தில் போர் வைத்திருப்பவர்கள் தாராளமாகக் கொடுக்கலாம்.