வீட்டுக் கடன்: வங்கியா, ஹவுசிங் ஃபைனான்ஸா?

2018-இல் தாம்பரம் பக்கத்தில் ஃபிளாட் வாங்கும்போது 30 லட்சம் கடன் தேவைப்பட்டது. பில்டர் ஆபீஸிலேயே நாற்காலி போட்டிருந்த லோன் ஏஜென்ட், "பேங்குக்குப் போனா பேப்பர் கேட்டே அலைய விடுவாங்க சார், பத்து நாள்ல நான் முடிச்சுத் தரேன்" என்று ஒரு ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனியில் சேர்த்துவிட்டார். சொன்னபடி பத்தே நாளில் முடித்தும் கொடுத்தார். 2021-இல் அதே கடனை வங்கிக்கு மாற்றினேன். இரண்டு இடத்திலும் இஎம்ஐ கட்டிய அனுபவத்தில், என் ஓட்டு வங்கிக்கு.

இரண்டுக்கும் பொதுவானவற்றைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். தனிநபரின் ஃப்ளோட்டிங் வட்டிக் கடனை, அதாவது வட்டி அவ்வப்போது ஏறி இறங்கும் கடனை, முன்கூட்டியே அடைத்தால் இரண்டிலுமே அபராதம் கிடையாது. கடனை முழுதாக அடைத்த 30 நாளுக்குள் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும். அவர்கள் பக்கத் தாமதம் என்றால் நாளுக்கு 5,000 ரூபாய் நமக்குத் தர வேண்டும். 2023 டிசம்பரிலிருந்து ரிசர்வ் வங்கியின் இந்த விதி இருவரையும் கட்டுப்படுத்துகிறது.

வித்தியாசம், வட்டியை யார் முடிவு செய்கிறார்கள் என்பதில்தான். 2019 அக்டோபர் 1-லிருந்து வங்கிகள் தரும் புதிய ஃப்ளோட்டிங் வீட்டுக் கடன்களை ரெப்போ (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி) போன்ற வெளி அளவுகோலோடு இணைத்தாக வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வட்டியைத் திருத்தியாக வேண்டும். ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனிகளுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அவர்களிடம் இருப்பது பிஎல்ஆர் என்று அவர்களே வைத்துக்கொள்ளும் அடிப்படை வட்டி. அங்கேயும் பெயர் ஃப்ளோட்டிங்தான். எப்போது மிதக்கும் என்பது அவர்கள் விருப்பம்.

என் கணக்கையே பாருங்கள். 2018 ஆகஸ்டில் 6.5-ஆக இருந்த ரெப்போ, 2020 மே மாதம் 4-க்கு வந்துவிட்டது. இரண்டரை சதவீத இறக்கத்தில் என் வட்டி 8.9-லிருந்து 8.6-க்கு வந்தது, அவ்வளவுதான். அதே கம்பெனி புதிதாக வருபவர்களுக்கு ஏழு சதவீதத்தை ஒட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது. கேட்டால், "கன்வர்ஷன் ஃபீஸ் கட்டுங்க, குறைக்கிறோம்" என்றார்கள். பழைய வாடிக்கையாளர் என்ற பாசம்! கடனை முடிப்பதற்கான ஃபோர்குளோஷர் லெட்டர் கேட்ட மறுநாளே அந்த ஃபீஸையும் பாதியாகக் குறைத்தார்கள். நான் கிளம்பிவிட்டேன். 28 லட்சம் பாக்கி, 17 வருடம், வங்கியில் 6.9 சதவீதம், இஎம்ஐ 23,350.

ஆனால் ஏறும்போதும் வங்கி உடனே ஏற்றும். 2022 மே மாதம் தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ மறுபடி 6.5 ஆனது, என் வட்டி 9.4. இஎம்ஐ மாறவில்லையே என்று நிம்மதியாக இருந்துவிட்டு ஒரு நாள் ஆப்பைத் திறந்தால், பதினைந்தரை வருடமாக இருக்க வேண்டிய தவணை 24 வருடத்தைத் தொட்டு நிற்கிறது. அப்புறம்தான் ஓடிப்போய் இஎம்ஐயைக் கூட்டச் சொன்னேன். 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, வட்டி மாறும்போது தவணையை நீட்டுவதா இஎம்ஐயைக் கூட்டுவதா என்று கடன்தாரரிடம் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. 2025 ஜூனுக்குள் ரெப்போ 5.5-க்கு இறங்கியபோது, நான் யாரையும் கேட்காமலே வட்டி 8.4 ஆனது. இதற்காகத்தான் வங்கி என்கிறேன்.

சம்பளக்காரனின் கணக்கு இது. சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு இது அப்படியே பொருந்துமா, தெரியவில்லை. எங்கள் தெருவில் மெஸ் நடத்துபவர், வருமான வரிக் கணக்கில் காட்டிய தொகை போதாது என்று இரண்டு வங்கிகள் கைவிரித்தபின், ஹவுசிங் ஃபைனான்ஸில் வாங்கித்தான் வீடு கட்டினார். அவருக்கு வேறு வழியும் இருக்கவில்லை.

மாற்றுவது சும்மா நடக்காது. புது வங்கிக்கு ப்ராசஸிங் ஃபீஸ், லீகல் ஃபீஸ், புது எம்ஓடி (பத்திரத்தை அடமானமாகக் கொடுத்ததற்கான ஆவணம்) பதிய முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் எல்லாம் உண்டு. பாக்கித் தவணை குறைவு என்றால் லாபம் இதிலேயே கரைந்துவிடும். பழைய எம்ஓடிக்கு, கடன் தீர்ந்தது என்ற ரசீதையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். நான் அதை விட்டுவிட்டேன். ஆறு மாதம் கழித்து வில்லங்கம் போட்டுப் பார்த்தால், ஒரே ஃபிளாட்டின் மேல் இரண்டு கடன். கம்பெனி ஆளைக் கையோடு அழைத்துப்போய் அதைப் பதிந்து முடிக்க இரண்டு நாள் லீவு போனது.